புற்றாகும் முன்னே

ஆசனவாய்ப் புற்றுநோய் அரிதானது. பொதுமக்களில் ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. இவ்வளவு அரிதான நோய்க்காக எல்லோரையும் சோதித்துப் பார்ப்பதில் செலவும் மனஉளைச்சலும் மிஞ்சுமே தவிர, பலன் கிடைக்காது. ஆனால் இந்தச் சராசரிக்கு அடியில் பெரிய ஏற்றத்தாழ்வு மறைந்திருக்கிறது. சில குழுக்களில் இதே நோய் பத்து மடங்கு, இருபது மடங்கு, ஐம்பது மடங்கு கூட வருகிறது. லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த கேரி கிளிஃபோர்டும் அவருடைய குழுவினரும் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 85 பேருக்கு இந்த நோய் வருகிறது. மற்ற ஆண்களிடையே இது 32, பெண்களிடையே 22. எச்.ஐ.வி. இல்லாத, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் 19. பெண்ணின் வெளிப்பிறப்புறுப்பில் புற்றுநோய் வந்தவர்களிடம் 48. சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்று, உடல் அந்த உறுப்பை ஏற்றுக்கொள்வதற்காக நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல அது ஏறுகிறது.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான காரணி ஒரு வைரஸ். ஆசனவாயில் வரும் செதிள் செல் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி, காரணமாகிறது. இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் மருவை உண்டாக்குபவை சில. பிறப்புறுப்புப் பகுதியில் மருவை உண்டாக்கும் 6, 11 ஆகிய வகைகள் தொல்லை தருபவையே ஒழிய, பெரும்பாலும் புற்றுநோய்க்கு இட்டுச் செல்வதில்லை. ஒரு டஜன் வகைகள் மட்டுமே உயர் ஆபத்து வகைகள். அவற்றுள்ளும் 16ஆம் வகை தனித்து நிற்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் திசுவில் கண்டறிந்த வகை இதுவே. அந்தப் பணிக்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. கருப்பைவாயைவிட ஆசனவாயில் இந்த 16ஆம் வகையின் ஆதிக்கம் இன்னும் அதிகம்.

கருப்பைவாயும் ஆசனவாயும் ஒரே வைரஸுக்கு இரையாவது தற்செயலன்று. இரண்டு இடங்களிலும் இருவகைச் செல்கள் சந்திக்கின்றன. மலக்குடலின் உட்புறம் சளி சுரக்கும் தூண் வடிவச் செல்களால் ஆனது. வெளியே தோலை நோக்கி வரும்போது தட்டையான செதிள் செல்கள் அடுக்கடுக்காக அமைகின்றன. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஆசனவாய்க் குழாய்க்குள் இவை இரண்டும் ஒரு வளையமாகச் சந்திக்கின்றன. அந்த வளையத்தில் ஒருவகைச் செல் மற்றொருவகையாக ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே பிளந்து பெருகும் அடிச்செல்கள் மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பதால், நுண்ணிய சிராய்ப்பு வழியாகவே வைரஸ் அவற்றை எட்டிவிடுகிறது.

உள்ளே புகுந்த வைரஸ் பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடும். தொற்றிய செல்களை டி செல்கள் தேடி அழித்துவிடுகின்றன. அடங்காத இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. வைரஸின் ஈ6 என்ற புரதம், பழுதான செல்லைச் சாகச் செய்யும் பி53 புரதத்தைச் சிதைக்கிறது. ஈ7 என்ற புரதம், செல் கண்டபடி பிளக்காமல் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. சாகவும் மறந்து, நிற்கவும் மறந்த செல்கள் அடுக்கின் கீழிருந்து மேலாக நிறைகின்றன. அடுக்கின் அடிப்பகுதியில் மட்டும் மாற்றம் தெரிந்தால் அது லேசான மாற்றம்; வைரஸ் தங்கியிருப்பதன் அடையாளம், அவ்வளவுதான். அடுக்கின் பெரும்பகுதியோ முழுவதுமோ மாறியிருந்தால் தீவிர மாற்றம். மருத்துவர்கள் இதை எச்.எஸ்.ஐ.எல். என்று குறிப்பிடுகிறார்கள். இதுவே புற்றுக்கு முந்தைய நிலை. இந்நிலையிலும் செல்கள் அடித்தளச் சவ்வைத் தாண்டுவதில்லை. வலி இல்லை, இரத்தம் இல்லை, தடவிப் பார்த்தாலும் பெரும்பாலும் எதுவும் தட்டுப்படாது. சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கும்போதுதான் அது புற்றுநோய் ஆகிறது.

எச்.ஐ.வி. இந்தக் கதையில் எங்கே வருகிறது என்பது இப்போது விளங்கும். எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 டி செல்களை. எச்பிவியை அடக்கிவைப்பதும் அந்தப் படைதான். 1996க்குப் பின் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் ஆயுளை நீட்டித்தது. காசநோய், நிமோனியா, காப்போசி சார்கோமா ஆகியவற்றால் நிகழ்ந்த சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆசனவாய்ப் புற்றுநோய் மட்டும் குறையாமல், அடுத்த பல ஆண்டுகள் ஏறிக்கொண்டே போனது. எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருந்த காலத்தில் வேர்விட்ட தீவிர மாற்றத்துக்கு, புற்றாக முதிர்வதற்குத் தேவையான காலத்தை நீண்ட ஆயுளே தந்துவிட்டது. உயிர்காக்கும் மருந்தைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அந்த மருந்தோடு இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

இந்தப் புற்றுநோய்க்கும் பாலுறவு வழித் தொற்றுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர் ஜேனட் டேலிங்கும் அவருடைய குழுவும் 1980களிலேயே காட்டிவிட்டனர். சிகிச்சையும் அதற்கு முன்பே மாறியிருந்தது. ஆசனவாயையே வெட்டி நீக்கி, வயிற்றில் மலப்பை பொருத்துவதே ஒருகாலத்தில் நோயாளிகளின் கதியாக இருந்தது. டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ 1974இல் கதிர்வீச்சையும் இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, கத்தி வைக்காமலே கட்டியைக் கரைக்க முடியும் என்று காட்டினார். இன்றும் அதுவே அடிப்படைச் சிகிச்சை. கட்டி ஒரே இடத்தில் இருக்கும்போது கண்டறியப்பட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் அது மூன்றில் ஒருவராகச் சுருங்கிவிடுகிறது. உயிர் பிழைத்தவர்களும் விலை கொடுத்தே பிழைக்கிறார்கள். கதிர்வீச்சு பட்ட பகுதியில் மலத்தை அடக்க முடியாமை, இடுப்பெலும்பு பலவீனம், பெண்களுக்கு யோனிக் குறுக்கம், முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் தொடரலாம். ஆகவே நோய் வந்தபின் வெல்வதைவிட அதற்கு முந்தைய படியிலேயே நிறுத்துவது எவ்வளவோ மேல் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் பலெஃப்ஸ்கி, இதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை 1991இல் தொடங்கினார்.

ஆனாலும் அடுத்த முப்பதாண்டுகள் பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் புற்றுக்கு முந்தைய நிலையைத் தேடும் பரிசோதனையைப் பரிந்துரைக்கத் தயங்கின. தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. ஒரு நோயின் முந்தைய நிலையைக் காண முடிகிறது என்பதற்காகவே அதைத் தேடிப் போகக் கூடாது. தேடிக் கண்டதை நீக்கினால் நோய் உண்மையிலேயே குறைய வேண்டும். கருப்பைவாய் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வழி துயரமானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து தேசியப் பெண்கள் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், தீவிர மாற்றம் கண்ட பெண்கள் பலரை அவர்களிடம் தெரிவிக்காமலே போதிய சிகிச்சையின்றி விட்டுவைத்துக் கவனித்தார். 1987இல் அரசு விசாரணை நடந்து, உண்மை வெளியே வந்தது. அந்தப் பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, முப்பதாண்டில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

ஆசனவாயின் தீவிர மாற்றமும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நேராக முடிவு கட்ட இயலவில்லை. சிட்னியில் நடந்த ஸ்பாங்க் ஆய்வு, 35 வயதைக் கடந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் 617 பேரைச் சிகிச்சை அளிக்காமல் மூன்றாண்டு பின்தொடர்ந்தது. தீவிர மாற்றம் அவர்களிடம் பரவலாகக் காணப்பட்டது, கணிசமான பங்கினருக்குத் தானாகவே மறையவும் செய்தது. தானே மறையக்கூடிய ஒன்றைச் சுட்டுப் பொசுக்கி, வலியையும் தழும்பையும் தருவது சரியா என்ற கேள்வி நியாயமானதுதான்.

விடை காண ஒரே வழி, ஒப்புதல் பெற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சை அளித்து, மற்றொரு குழுவை நெருங்கிக் கண்காணிப்பது. ஆங்கர் என்ற பெயரில் பலெஃப்ஸ்கி தலைமையில் அமெரிக்காவின் 25 மையங்களில் 2014இல் தொடங்கிய ஆய்வு அதைச் செய்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள, 35 வயதைத் தாண்டிய 10,723 பேரைச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோரிடம், அதாவது 52 விழுக்காட்டினரிடம் தீவிர மாற்றம் இருந்தது. பெண்களிலும் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது காணப்பட்டது பலருக்கு வியப்பளித்தது. இதை ஆண்களின் நோய் என்று எண்ணியிருந்தவர்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தீவிர மாற்றம் காணப்பட்டவர்களில் 4,459 பேர் ஆய்வில் சேர்ந்தனர். கண்காணிப்புக் குழுவில் இருந்தவர்களும் கைவிடப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உருப்பெருக்கிக் கருவியால் சோதிக்கப்பட்டார்கள். ஆக்லாந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஒப்புதலிலும் இந்தக் கண்காணிப்பிலும் இருக்கிறது.

2021 அக்டோபரில் ஆய்வு திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. விடை கிடைத்துவிட்டதால், கண்காணிப்புக் குழுவில் இருந்தவர்களுக்கு அதற்கு மேலும் சிகிச்சையைத் தராமல் இருப்பது தவறாகிவிடும். சிகிச்சைக் குழுவில் 9 பேருக்கும் கண்காணிப்புக் குழுவில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 173 என்றும் 402 என்றும் கணக்கு வந்தது. அதாவது 57 விழுக்காடு குறைவு. முடிவுகள் 2022 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின. இந்த எண்களை இரு பக்கமும் படிக்க வேண்டும். சிகிச்சை பலன் தருகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஆனால் மொத்தப் புற்றுநோய்கள் முப்பதே என்பதால், பலனின் அளவு 6 முதல் 80 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் எல்லை. சிகிச்சை இல்லாதபோதும் தீவிர மாற்றம் உள்ளவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே புற்றுநோய் வந்தது. சிகிச்சை பெற்றும் சிலருக்கு வந்தது. ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கும் கருவி கிடைத்திருக்கிறது, முற்றாக ஒழிக்கும் கருவி கிடைக்கவில்லை என்று சொல்வதே நேர்மை.

அதன்பின் தயக்கம் விலகியது. பன்னாட்டு ஆசனவாய்ப் புற்றுநோய்ச் சங்கம் 2024 ஜனவரியில் முதன்முறையாக ஒருமித்த வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பொதுமக்களைவிடக் குறைந்தது பத்து மடங்கு ஆபத்து உள்ளவர்களைச் சோதிப்பது என்பதே அதன் அளவுகோல். எச்.ஐ.வி. தொற்றுள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 35 வயதிலிருந்து, எச்.ஐ.வி. தொற்றுள்ள பிற ஆண்களுக்கும் பெண்களுக்கும் 45இலிருந்து. தொற்று இல்லாத, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 45இலிருந்து. வெளிப்பிறப்புறுப்பில் தீவிர மாற்றமோ புற்றுநோயோ கண்ட பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. கண்டறிந்த ஓராண்டுக்குள் சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அறுவைக்குப் பத்தாண்டு கழித்து. கருப்பைவாயில் தீவிர மாற்றம் வந்தவர்கள், ஆசனவாயைச் சுற்றி மரு வந்தவர்கள், முடக்குவாதம், லூபஸ், குரோன் நோய் போன்றவற்றுக்காக எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் 45 வயதுக்குப் பின் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

பரிசோதனை எளிய படியிலிருந்து தொடங்குகிறது. நீரில் நனைத்த செயற்கை இழைக் குச்சியை ஆசனவாய்க்குள் சில சென்டிமீட்டர் செலுத்தி, மெல்லச் சுழற்றியபடியே அரை நிமிடத்துக்கும் குறையாமல் எடுத்துக்கொண்டு வெளியே இழுக்கிறார்கள். வழுக்குப் பசை பூசுவதில்லை. அது மாதிரியைக் கெடுத்துவிடும். குச்சியில் ஒட்டிய செல்கள் திரவத்தில் அலசப்பட்டு ஆய்வகத்துக்குப் போகின்றன. அங்கே நுண்ணோக்கியில் செல்களின் வடிவம் பார்க்கப்படும். அல்லது உயர் ஆபத்து எச்பிவி இருக்கிறதா என்று சோதிக்கப்படும். அல்லது இரண்டும் நடக்கும்.

இரண்டு சோதனைகளுக்கும் குறை உண்டு. செல் ஆய்வு தீவிர மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கிறது. ஆனால் அது இல்லாதவர்களிலும் பத்தில் நான்கு பேரை வீணாக அடுத்த சோதனைக்கு அனுப்பிவைக்கிறது. எச்பிவி சோதனை பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கிறது. வீண் எச்சரிக்கை அதைவிடவும் அதிகம். எச்.ஐ.வி. தொற்றுள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினரிடம் ஏதோவொரு உயர் ஆபத்து வகை இருப்பதால், வைரஸ் இருக்கிறது என்ற செய்தி அவர்களிடையே எவரையும் பெரிதாகப் பிரித்துக்காட்டுவதில்லை. மாறாக, வைரஸ் இல்லை என்ற விடை மிகுந்த நிம்மதி தரும். அடுத்த சோதனையை இரண்டாண்டு தள்ளிப்போட அது இடமளிக்கிறது. 16ஆம் வகை இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

குச்சியை எடுத்தபின், பசை தடவிய உறை விரலால் ஆசனவாய் முழுவதும் சுற்றித் தடவிப் பார்ப்பது அடுத்த படி. செலவில்லாத இந்தச் சோதனை புற்றுக்கு முந்தைய நிலையைக் காட்டாது. சிறு கட்டியாக உள்ள புற்றுநோயைக் காட்டும். உயிர்காப்பதில் இதன் பங்கு எந்தக் கருவிக்கும் குறைந்ததில்லை.

முதல் சோதனையில் ஐயம் எழுந்தால் உருப்பெருக்கி வழிப் பார்வை. கருப்பைவாயைப் பார்க்கும் அதே கால்போஸ்கோப்தான் இங்கும் பயன்படுகிறது. சிறிய குழாய் போன்ற அனோஸ்கோப் வழியாக, அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியை உள்ளே வைத்து ஓரிரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறிய செல்களில் உட்கரு பெரியது, புரதம் செறிந்தது. அமிலம் பட்டதும் அந்த இடம் வெண்மையாகிறது. வெண்மையானதெல்லாம் ஆபத்தில்லை. அதற்குள் இரத்த நுண்குழல்கள் புள்ளியாகவோ, ஓடு பதித்ததுபோலவோ தெரிகின்றனவா என்று மருத்துவர் தேடுகிறார். பிறகு லூகால் அயோடின் பூசப்படும். நல்ல செதிள் செல்களில் கிளைக்கோஜன் இருப்பதால் அவை பழுப்பேறும். மாறிய இடம் மஞ்சளாகவே நிற்கும். ஐயமுள்ள இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் திசுவைக் கிள்ளியெடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். தீவிர மாற்றமா, வேறேதேனுமா என்று தடுமாற்றம் வந்தால் பி16 என்ற புரதத்துக்குச் சாயமிட்டுப் பார்ப்பார்கள். ஈ7 தன் வேலையைக் காட்டியிருக்கும் செல்களில் அந்தப் புரதம் குவிந்திருக்கும்.

இவ்வளவும் மடிப்பும் மூலமும் தழும்பும் நிறைந்த, சுருங்கி விரியும் ஒரு குழாய்க்குள் நடக்கிறது. கருப்பைவாய்போல ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிடாது. மடிப்புகளை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். கைதேர நீண்ட பயிற்சியும் ஏராளமான நோயாளிகளைப் பார்த்த அனுபவமும் வேண்டும். அனுபவம் குறைந்தவர் கையில் தீவிர மாற்றம் தப்பிப் போவது வழக்கமே.

கண்டறிந்ததை நீக்கும் சிகிச்சையில் முதன்மையானது, மரத்துப்போகும் ஊசி போட்டு மின்சாரத்தால் சுடுவது. ஆங்கர் ஆய்விலும் பெரும்பாலோர் பெற்றது இதைத்தான். அகச்சிவப்புக் கதிரால் உறையச் செய்வது, ஃபுளுரோயுராசில் அல்லது இமிகிமோட் களிம்பு தடவுவது ஆகியவையும் உண்டு. எதுவும் ஒரே தடவையில் முடிவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் மின்சூட்டில் முழுமையாகக் குணமானவர்கள் 39 விழுக்காடு, இமிகிமோட்டில் 24, ஃபுளுரோயுராசிலில் 17. குணமானவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றரை ஆண்டுக்குள் மீண்டும் வந்தது. சுட்ட இடத்தில் மாற்றம் போனாலும் வைரஸ் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. ஆகவே இது ஒருமுறைச் சிகிச்சை ஆகாது. ஆண்டுக்கணக்கில் நீளும் உறவு. சில நாள் வலியும், சிறு இரத்தக் கசிவும் வழக்கம். கடுமையான பக்கவிளைவு அரிது.

இவற்றையெல்லாம் செய்யக்கூடிய மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே விரல்விட்டு எண்ணுமளவுதான் இருக்கிறார்கள் என்பது இன்றைய பெரும் தடை. உருப்பெருக்கிப் பரிசோதனைக்கு வழியில்லாத இடத்தில் குச்சிச் சோதனையைத் தொடங்கக் கூடாது என்று அமெரிக்க எச்.ஐ.வி. வழிகாட்டுதல் கூறுகிறது. அது சரியான எச்சரிக்கை. மேல்நடவடிக்கை எடுக்க வழியில்லாமல் ‘உங்களுக்கு ஏதோ மாற்றம் இருக்கிறது’ என்று ஒருவரிடம் சொல்லி அனுப்புவது அவருக்குக் கவலையை மட்டுமே தரும். அத்தகைய இடங்களில் அறிகுறிகளைக் கேட்டறிவதும் ஆண்டுதோறும் விரலால் சோதிப்பதும் போதும். அதையாவது தவறாமல் செய்ய வேண்டும்.

மற்றொரு தடை கூச்சம். ஆசனவாயில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு செய்து மாதக்கணக்கில் களிம்பு தடவுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. சொல்ல வெட்கப்படுகிறவர் நோயாளி மட்டுமல்ல, கேட்க வெட்கப்படும் மருத்துவரும் உண்டு. எச்பிவி ஆசனவாயை எட்டுவதற்கு ஆசனவாய் உறவு நடந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. பெண்களில் பிறப்புறுப்பிலிருந்து பக்கத்துத் தோலுக்கு வைரஸ் எளிதில் பரவுகிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் இந்த நோய் வரும் பத்தாயிரம் பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். நடிகை மார்சியா கிராஸ் தமக்கு வந்த ஆசனவாய்ப் புற்றுநோயைப் பற்றி 2019இல் வெளிப்படையாகப் பேசினார். வழக்கமான சோதனையின்போது அவருடைய மகப்பேறு மருத்துவர் விரலால் தடவிப் பார்த்ததில்தான் அது கண்டறியப்பட்டது. கணவருக்கு முன்பே வந்த தொண்டைப் புற்றுநோய்க்கும் இதே வைரஸ் காரணமாக இருந்திருக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

தடுப்பூசி இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கிறது. பலெஃப்ஸ்கியின் குழு 16 முதல் 26 வயதுள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் 602 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு அந்த வகைகள் தொற்றாதவர்களிடம் அவற்றால் வரும் தீவிர மாற்றம் ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது. ஏற்கெனவே தொற்றியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பலன் 54 விழுக்காடாகச் சுருங்குகிறது. உள்ளே வந்துவிட்ட வைரஸைத் தடுப்பூசி வெளியேற்றாது. ஆஸ்திரேலியா 2013இல் பள்ளிச் சிறுவர்களுக்கும் ஊசியை விரிவாக்கியது. அன்று 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்கள் 35ஐ எட்டுவது 2035 வாக்கில்தான். பல நாடுகள் இன்னும் சிறுமிகளுக்கு மட்டுமே ஊசி போடுகின்றன. இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கும் உயர் ஆபத்துக் குழுவினருக்கு ஊசி வருவதற்கு முன்பே வைரஸ் வந்துவிட்டது. அவர்களுக்குக் குச்சியும் விரலும் உருப்பெருக்கியுமே பாதுகாப்பு.